பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டிப்ளமா வாங்கிய முதல் வருடத்தில் ஒரு மனிதனுக்கு இருக்கிற அறிவு, அதற்கப்புறம் அவன் ஆயுளில் திரும்பி வருவதே இல்லை. இருபத்தொரு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இப்போது அறுபதில், வீட்டு டிவி ரிமோட்டில் பாதிப் பட்டன்கள் எதற்கென்றே தெரியாமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. மதுரையில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு சின்னமனூரில் வீட்டோடு இருந்தேன். (வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் வேலை என்னைத் தேடி வரும் என்று காத்திருந்தேன்.) அப்பா மாவு மில் வைத்திருந்தார். மிளகாய் அரைத்த கையோடு அவர் வீட்டுக்குள் வந்தாலே நாங்கள் எல்லோரும் தும்முவோம். அந்த மில்லில் உட்காரும் எண்ணம் எனக்குக் கொஞ்சமும் இல்லை. நான்தான் விஞ்ஞானி ஆயிற்றே.

கொடைக்கானலிலிருந்து டிவி படம் தெளிவாக வர ஆரம்பித்த புதுசு அது. எங்கள் வீட்டிலும் ஷட்டர் கதவு வைத்த ஒரு கறுப்பு வெள்ளை டிவி வந்திருந்தது. ஏதோ ஓர் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்த சர்க்யூட் படத்தைப் பார்த்து, அந்த டிவியில் விளையாடுவதற்கு நான் ஒரு இயந்திரம் செய்தேன். திரையில் இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, நடுவில் ஒரு புள்ளி. புள்ளி வரும்போது கோட்டை நகர்த்தித் தட்டிவிட வேண்டும். தட்டினால் 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இதற்கு நான் வைத்த பெயர் கம்ப்யூட்டர்.

மூளை என்று சொல்லத்தக்கது இருபத்தெட்டுக் கால் கொண்ட ஒரே ஒரு ஐசி. அதுவும் கூடப் படித்த நண்பன் மெட்ராஸிலிருந்து பார்சலில் அனுப்பியது. மற்றதெல்லாம் மதுரை டவுன்ஹால் ரோட்டில் பொறுக்கியவை. உடம்பு, மளிகைக் கடைப் பிஸ்கட் தகர டப்பா. கோட்டை நகர்த்தும் திருகு இரண்டும் பழைய ரேடியோவின் வால்யூம் கண்ட்ரோல்கள், சோப்பு டப்பாவுக்குள் பொருத்தியவை. பேட்டரி போட்டுக் கட்டுப்படியாகாமல், உள்ளேயே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, மூன்று முள் பிளக்கும் மாட்டியிருந்தேன். தெருவில் எல்லோரிடமும் "வீட்டுல கம்ப்யூட்டர் செஞ்சிருக்கேன்" என்று சாதாரணமாகச் சொல்வதற்குக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டேன்.

இதில் என் எதிர்காலமே மாட்டிக்கொண்டது எப்படியென்றால், மாமாவால். அம்மாவின் அண்ணன். போடியில் ஏலக்காய் டிப்போ வைத்திருந்தார். என்னை அந்த டிப்போவில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தேனி பஜாரில் அவருக்கு ரோட்டைப் பார்த்த ஒரு காலி அறை இருந்தது. அதில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். அந்த அறையை வாடகைக்குக் கேட்டு ஓர் உரக்கடைக்காரர் வேறு மாமாவை நெருக்கிக்கொண்டிருந்தார். மாமா வியாபாரி, வளவளவென்று பேச மாட்டார். ஒரு நாள் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"ஆயுத பூஜைக்கு மத்தியானம் சாப்பிட வருவேன். நீ செஞ்ச சாமான் என் கண்ணு முன்னால ஓடட்டும். ஓடுனா அங்கனயே சாவியக் குடுத்துடுறேன். ஓடலைன்னா விஜயதசமிக்கு டிப்போவுல வந்து உக்காந்துரு. சரிதான மருமகனே?"

சரிதான் என்றேன். ஏன் சொல்ல மாட்டேன்? பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம்கூட அது அருமையாக ஓடியது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த என் தங்கை செல்வி என்னைத் தோற்கடித்தாள். திருகில் கோளாறு என்று சொல்லி அந்த ஆட்டத்தைச் செல்லாததாக்கினேன்.

மறுநாள் காலையில் பொரி கடலையும் வாழைக்கன்றும் வாங்க என்னை பஜாருக்கு அனுப்பினார்கள். வீட்டில் பூஜைக்கு ஒரு முறை இருந்தது. அவரவர் சாமானை அவரவர் கொண்டுவந்து சாமி முன்னால் வைக்க வேண்டும். அம்மா அரிவாள்மனையையும் கத்தரிக்கோலையும் வைப்பாள். செல்வி கணக்குப் புத்தகத்தை வைப்பாள். (அன்றைக்கு ஒரு நாள் அதைத் தொட வேண்டாம் என்பதில் அவளுக்கு இருந்த பக்தி சாதாரணமானதல்ல.) அப்பா மில்லில் மோட்டாருக்கும் தராசுக்கும் படைத்துவிட்டு, ஸ்பேனர், கல் கொத்துகிற உளி, டார்ச் லைட் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்குவார். நான் எதையும் வைப்பதில்லை. விஞ்ஞானத்துக்கும் குங்குமத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு, கையோடு இரண்டு பிடி பொரியும் வாங்கிச் சாப்பிடும் ரகம் நான்.

திரும்பி வந்து பார்த்தால் சாமி முன்னால் என் ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், சால்டரிங் அயர்ன், மல்ட்டிமீட்டர் எல்லாம் வரிசையாகச் சந்தனம் குங்குமத்தோடு படுத்திருந்தன. டிவி மேஜையில் இருந்த கம்ப்யூட்டருக்கும் நெற்றி நிறையப் பொட்டு. அப்பாவின் வேலை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாமா வருவதற்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சுவிட்சைப் போட்டேன்.

டப்பாவின் மூக்கில் நான் வைத்திருந்த சிவப்பு விளக்கு எரியவில்லை. டிவியில் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. சுவிட்சை அணைத்துப் போட்டேன். டப்பாவை ஒரு தட்டுத் தட்டினேன். (மூன்று வருடப் படிப்பில் முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.) ஒன்றும் நடக்கவில்லை. மணி பத்தரை. மாமா பன்னிரண்டுக்கெல்லாம் வந்துவிடுவார்.

செல்வி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பிளக்கு லூசா இருக்கான்னு பாத்தியாண்ணே?" என்றாள்.

அவளுக்கு நான் எடுத்த வகுப்பு கால் மணி நேரம். இதே போர்டில் பக்கத்து ஓட்டையில் டிவி ஓடுகிறது, ஆகவே கரண்டு இருக்கிறது, பிளக் உள்ளேதான் செருகியிருக்கிறது, ஆகவே கரண்டு டப்பாவுக்குள் போகிறது, ஆகவே கோளாறு டப்பாவுக்குள்தான். பிளக்கைப் பார்ப்பதெல்லாம் ஒன்றும் தெரியாதவர்கள் செய்கிற வேலை என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முதல் சந்தேகம் சந்தனத்தின் மேல். காற்றோட்டத்துக்காக நான் போட்ட ஓட்டைகள் வழியாக உள்ளே வழிந்திருக்கும். டப்பாவைத் திறக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சாமி முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

"எங்க கைய வைக்கிற? நாளைக்குக் காலையில படையல் போட்டுட்டுத்தான் எடுக்கணும். இன்னைக்கு அதுகளுக்கு லீவு" என்றார் அப்பா.

டெஸ்டரையாவது கொடுங்கள் என்றேன். அதற்கும் லீவு. மில் டார்ச்சில் உள்ள செல்களைப் போட்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். டார்ச்சுக்கும் லீவு. கடையில் வாங்கலாமென்றால் அதற்குள் கடைக்காரர்கள் தராசுக்குப் பொட்டு வைத்து மூடிவிட்டுப் போயிருந்தார்கள். ஊரே ஆயுதத்தைக் கீழே போட்டிருந்த நாளில் நான் ஒருவன்தான் போருக்குப் புறப்பட்டிருந்தேன்.

எட்டணாக் காசை வைத்து டப்பாவின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினேன். கட்டைவிரல் தோல் உரிந்தது. உள்ளே சந்தனத்தின் வாசனைகூட இல்லை. அப்பா பின்னால் வந்து நின்றார்.

"ஏலே, அந்தக் கரண்டு வர்ற எடத்துல நான்..."

"அப்பா, இது மாவு மில் மோட்டார் இல்ல. எலக்ட்ரானிக்ஸ்" என்றேன்.

"இல்லடா, காலையில பொட்டு வைக்கிறப்ப..."

"அதான் தொறந்து பாத்துட்டேன்ல. உள்ள ஒரு பொட்டும் இல்ல. உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா, விட்டுடுங்க."

விட்டுவிட்டார். வாசலில் வாழைக்கன்று கட்டப் போய்விட்டார். நானும் விட்டேன், அவரை. கம்ப்யூட்டரை விடவில்லை.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஒன்பது வோல்ட் வருகிறதா என்று பார்க்க மீட்டர் இல்லை. நாக்கு இருந்தது. மாறுகிற கரண்டை நேராக்கி அனுப்புகிற இரண்டு ஒயரையும் எடுத்து நாக்கில் வைத்தேன். வந்திருந்தால் சுருக்கென்று புளிக்கும். புளிக்கவில்லை. இந்த இடத்தில் மூளையுள்ள எவனும் உள்ளே கரண்டே வரவில்லையே, வருகிற வழியைப் பார்ப்போம் என்று நினைப்பான். நான் டிரான்ஸ்ஃபார்மர் செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதினேன். எதனால் செத்தது? ஐசி அதிகமாகக் கரண்டு இழுத்திருக்கும். ஏன் இழுத்தது? ஐசியின் கால்கள் கறுத்திருக்கின்றன. பார்த்தேன், கொஞ்சம் கறுத்துத்தான் இருந்தன. மூன்று மாதமாகவே அப்படித்தான் இருந்தன என்பது வேறு விஷயம்.

அம்மாவின் கொண்டை ஊசியால் நெம்பி, இருபத்தெட்டுக் காலையும் கழற்றி வெளியே எடுத்தேன். இரண்டு கால் வளைந்தது. நகத்தால் நிமிர்த்தினேன். கறுப்பைப் போக்க என்ன செய்வது என்று யோசித்தபோது சாமி முன்னால் பளபளவென்று இருந்த குத்துவிளக்கு கண்ணில் பட்டது. அம்மா அதை எதை வைத்துத் தேய்ப்பாள் என்பது எனக்குத் தெரியும். சாமி படத்துக்குக் கீழே இருந்த மரவைக் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து வந்து, மெட்ராஸிலிருந்து வந்த ஐசியின் கால்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். வருடா வருடம் விஞ்ஞானத்துக்கும் குங்குமத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட அதே ஆள்தான்.

அப்போது வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. மாமா சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் வந்துவிட்டார். ஜீப்புக்குப் பெரிய மாலை, முன்னால் வாழைக்கன்று. மாமாவுக்கு நெற்றி நிறையத் திருநீறு. "மாமா வந்துட்டாக" என்று செல்வி உள்ளே ஓடி வந்தாள். அவசரத்தில் ஐசியை அதன் இடத்தில் வைத்து அழுத்தினேன். அதன் ஒரு முனையில் சின்னப் பள்ளம் ஒன்று இருக்கும். அது எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது பாலிடெக்னிக்கில் முதல் வாரம் சொல்லித் தருகிற பாடம். நான் பார்க்கவில்லை. ஒயர்களை முறுக்கி ஒட்டி, டப்பாவை மூடி, முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். கட்டைவிரலில் ரத்தம், நாக்கில் தகர ருசி, கையெல்லாம் திருநீறு.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து டிவி மேல் வைத்தார். தேனி அறையின் சாவி. அதற்கும் பொட்டு வைத்திருந்தது. அந்தச் சாவியைப் பார்த்ததும் என் கடையின் பெயர்ப்பலகை, பச்சை பெயின்ட், கீழே ரிப்பேர் செய்யப்படும் என்ற வரி எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன.

"எங்க, ஓட்டு பாப்போம்."

சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகிவிட்டது, மதுரையிலிருந்து வேறு வரவேண்டும், ஒரு வாரம் கொடுங்கள் என்று ஆரம்பித்தேன். வாய் பேசிக்கொண்டிருந்தது, மனசு அழுதுகொண்டிருந்தது. மாமா நான் பேசியதைக் கேட்டதாகவே தெரியவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, இந்தப் பிளக்கு முழுசா உள்ள போகலையே" என்றார்.

எழுந்து போய், சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கினார். திருப்பி எல்லோருக்கும் காட்டினார். மூன்று பித்தளை முள்ளிலும் பட்டையாகச் சந்தனம். அதன் மேல் குங்குமம். காய்ந்து, ஓடு மாதிரி இறுகியிருந்தது.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"மில்லுல மொதப் பொட்டு மெயின் சுவிட்சு கைப்பிடிக்குத்தான வைப்பேன். கரண்டு வர்ற வாசல்ல. இதுக்கு எதுடா வாசல்னு பாத்தேன். இதான்னு பட்டுச்சு. வச்சுட்டு, ஒயரு தரையில கெடக்க வேணாமேன்னு மறுபடி சொருகி விட்டேன். அதத்தான் மாப்ளைகிட்ட காலையிலேருந்து சொல்ல வந்தேன்" என்றார். கோபம் வந்தால் என்னை மாப்ளை என்பார்.

மாமா சிரிக்கவில்லை. தன் துண்டாலேயே மூன்று முள்ளையும் அழுத்தித் துடைத்தார், பிளக்கைச் செருகினார், சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. எனக்கு உயிர் வந்தது. மூன்று விநாடி இருக்கும். டப்பாவுக்குள் 'சுர்' என்று ஒரு சத்தம். தலைகீழாக உட்கார்ந்திருந்த மெட்ராஸ் ஐசி, நான் போட்ட காற்றோட்ட ஓட்டைகள் அத்தனையிலிருந்தும் ஒரே சீராகப் புகையாக வெளியே வந்தது. அந்த ஓட்டைகள் சரியாக வேலை செய்தன என்பதை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். "எலை போடுறதுக்கு முன்னாடியே யாருடி சாம்பிராணி போட்டது?"

மாமா சுவிட்சை அணைத்தார். டிவி மேல் இருந்த சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மருமகனே, ஏலக்காயில தப்புப் பண்ணுனா புகை வராது. நாளைக்கு நல்ல நாளு. டிப்போவுக்கு வந்துரு" என்றார். பிறகு கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கினார். அன்றைக்கு அவருக்கு நல்ல பசி.

ஜீப் கிளம்பிப் போன பிறகுதான் நான் அப்பாவிடம் போனேன். ஐசியைத் திருப்பிப் போட்டது நான். பிளக்கைப் பார்க்காதது நான். அவர் சொல்ல வந்ததை இரண்டு தடவை தடுத்தது நான். இது எல்லாம் தெரிந்திருந்தும் கத்தினேன். உங்கள் சந்தனத்தை வைக்க வேறு சாமானே கிடைக்கவில்லையா, என் வாழ்க்கைதான் கிடைத்ததா என்று கேட்டேன். இதைவிட மோசமாகவும் ஒன்று சொன்னேன், அதை இங்கே எழுத மாட்டேன். அப்பா பூட்டிக் கிடந்த மில்லுக்குப் போய், வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா எச்சில் இலைகளைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"சோறு போடுற சாமானத் தவிர வேற எதுக்காச்சும் உங்கப்பா பொட்டு வச்சுப் பாத்துருக்கியா? இந்த டிவிக்கு வச்சாகளா? ரேடியோவுக்கு வச்சாகளா? ஒன் சாமானுக்கு வச்சாகல்ல. காலையில பாதித் துண்டை நனைச்சு அந்த டப்பாவத் தொடச்சுட்டு வச்சாக. எம்மகன் இதுல பொழைச்சுக்கிருவான்னு சொல்லிக்கிட்டேதான் வச்சாக."

நான் சாமி முன்னால் போய்ப் பார்த்தேன். மில் ஸ்பேனருக்கும் கல் உளிக்கும் நடுவில் என் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அதற்கு வைத்திருந்த பொட்டு உளிக்கு வைத்ததைவிடப் பெரியது. மூன்று மாதமாக அந்த டப்பாவைத் தாண்டித்தான் அவர் சாப்பிட வருவார், போவார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மில் படிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. அவருக்கு ஒரு தம்ளர் காபி கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

விஜயதசமியன்று போடி டிப்போவில் உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை. பருத்த காய் எது, வெடித்த காய் எது என்று இருட்டில் தொட்டே சொல்லிவிடுவேன். தேனி அறையில் உரக்கடை வந்து நன்றாக நடந்தது. அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்தாறு. மில்லை விற்றாகிவிட்டது. வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் பார்க்க வருகிறவர், இன்டர்நெட் இணைக்க வருகிறவர், என்னைப் பார்க்க வருகிற ஏலக்காய் வியாபாரி யாராக இருந்தாலும் அப்பாவிடம் தப்ப முடியாது. பிடித்து உட்கார வைத்து ஆரம்பிப்பார். "எம்மகன் இந்த வீட்டுலயே கம்ப்யூட்டரு செஞ்சான்யா. இந்த ஊருக்கே அதுதான் மொதக் கம்ப்யூட்டரு." அப்புறம் சந்தனம், மாமாவின் துண்டு, புகை, அம்மாவின் சாம்பிராணி என்று வரிசையாக வரும். கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எல்லோரையும்விட அப்பா அதிகமாகச் சிரிப்பார், இருமல் வருகிற வரைக்கும்.

எனக்கு மீதிக் கதை மனப்பாடம் என்பதால் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். ஆனால் அந்த முதல் இரண்டு வாக்கியங்களை அவர் முடிக்காமல் ஒரு தடவைகூட எழுந்ததில்லை.